கொப்பியும் கருப்பொருளும்: புதிதாகக் கவிதை எழுத வருவோருக்கு

எழுத ஆசை இருக்கிறது, எதைப் பற்றி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. புதிதாக எழுத வருகிறவர்கள் அநேகமாக இந்தக் குறையோடுதான் வருகிறார்கள். இன்னொரு குறையும் கூடவே வரும்: நாலு நாள் எழுதுகிறேன், பிறகு நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் என்பது என் துணிபு. உணர்ச்சியில் தொடங்காதீர்கள், கண்ணுக்கு முன்னால் கிடக்கிற ஒரு பொருளில் தொடங்குங்கள்.

"தனிமை", "தாய்மை", "காதல்" என்று கொப்பியின் தலையில் எழுதிவிட்டு உட்கார்ந்தால், ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிய வரிகள்தான் கைக்கு வரும். "படலை", "வாளி", "பஸ் ரிக்கற்" என்று எழுதிவிட்டு உட்கார்ந்தால் உங்கள் வீட்டுப் படலையைத்தான் எழுத வேண்டியிருக்கும். அதை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இந்த முறை நம்மிடம் பழையது. அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுத்தார்கள். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தில் உள்ள மரம், பறவை, உணவு, தொழில் முதலியவை. உரிப்பொருள் மனிதர் படுகிற பாடு: சேர்தல், பிரிதல், காத்திருத்தல், ஏங்குதல், ஊடுதல். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கிப் பிறகு மறந்துபோகிற பகுதி இது. எழுத உட்காருகிறவருக்கோ இதைவிட நல்ல வேலைமுறை கிடையாது. இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள். அங்கே இருந்த பொருளை எழுதுங்கள். உரிப்பொருளின் பெயரை மட்டும் சொல்லாமல் விடுங்கள். வாசிக்கிறவர் அதைத் தானே கண்டுகொள்வார்.

தினமும் குறிப்பு, கிழமைக்கு ஒரு கவிதை

முதல் வேலை ஒரு கொப்பி வாங்குவது. 80 பக்கச் சாதாரணக் கொப்பி போதும். தடித்த அட்டை போட்ட அழகான கொப்பி வேண்டாம். அதில் பிழையாக எழுதப் பயம் வரும், பயம் வந்தால் கை ஓடாது. போனில் எழுதுகிறவர்கள் போனிலேயே எழுதலாம். ஆனால் திருத்தி எழுதும்போது பழைய வடிவம் அழிந்துவிடுகிறது, என்ன மாற்றினோம் என்று பார்க்க முடிவதில்லை. பழகுகிற காலத்தில் அந்த வெட்டும் குத்தும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே என் வாக்கு கொப்பிக்கும் பேனைக்கும்தான்.

தினமும் ஒரு கவிதை என்று சபதம் எடுக்காதீர்கள். அப்படி எடுத்தவர்கள் இரண்டாம் கிழமையே கைவிடுவதைக் கண்டிருக்கிறேன். தினமும் ஒரு குறிப்பு, கிழமைக்கு ஒரு கவிதை. இந்த அளவு வேலைக்குப் போகிறவருக்கும் படிக்கிற பிள்ளைக்கும் வீட்டைப் பார்க்கிறவருக்கும் தாங்கும்.

குறிப்பு என்பது மூன்று நான்கு வரி. எந்த இடம், எந்த நேரம், என்ன பொருள், யார் என்ன செய்தார். அவ்வளவுதான். உவமை வேண்டாம், அழகு வேண்டாம். நேரத்தைக் குறிக்கும்போது மணியோடு பொழுதின் பெயரையும் போட்டுப் பாருங்கள்: வைகறை, காலை, நண்பகல், எற்பாடு (பின்னேரம்), மாலை, யாமம். ஒரே ஒழுங்கையை இந்த ஆறு பொழுதிலும் தனித்தனியாகக் குறித்தால், அது ஆறு ஒழுங்கைகளாகத் தெரியும். வைகறையில் பால்காரரின் சைக்கிள், நண்பகலில் வேலி நிழலில் படுத்திருக்கும் நாய், எற்பாட்டில் ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள். புதியவருக்கு நான் முதலில் கொடுக்கிற பயிற்சி இதுதான். இதற்கு எங்கும் போகத் தேவையில்லை.

எழுதும் நேரத்தை வேறொரு வேலையோடு சேர்த்துக் கட்டுங்கள். காலைத் தேத்தண்ணி ஆறுகிற நேரம், பருத்தித்துறை பஸ் வெளிக்கிட முதல் உள்ளே இருந்து காத்திருக்கிற நேரம், இரவு படலை பூட்டி வந்த பிறகு. "நேரம் கிடைத்தால் எழுதுவேன்" என்கிறவருக்கு நேரம் கிடைக்காது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு குறிப்பு எழுதி ஈடுகட்ட வேண்டாம். விட்ட நாள் விட்டதுதான், அடுத்த நாளிலிருந்து எழுதுங்கள்.

ஈற்றடி கொடுத்து எழுதுதல்

ஒருவர் அடி கொடுக்க இன்னொருவர் அதை வைத்துப் பாடுவது நமக்குப் புதிதல்ல. அவையில் ஈற்றடியைச் சொல்லிப் பாட்டை முடிக்கச் சொல்வார்கள். கவியரங்குகளில் இன்றும் தலைப்பு முன்கூட்டியே கொடுக்கப்படுகிறது. வெளியிலிருந்து வருகிற ஒரு கட்டளை மனதை ஒரு பக்கம் திருப்பிவிடும், அதுதான் அதன் பயன். எல்லாத் தலைப்பும் ஒரே மாதிரி வேலை செய்யாது. "வாழ்க்கை என்றால் என்ன" என்ற தலைப்பில் ஒருவரும் உருப்படியாக எழுதி நான் பார்த்ததில்லை. நல்ல தலைப்பு குறுகலாக இருக்கும்.

சிலவற்றைத் தருகிறேன், உங்கள் ஊருக்கும் வீட்டுக்கும் ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வளவில் வெட்டப்பட்ட ஒரு மரம், அது நின்ற இடத்தில் இப்போது இருப்பது. மோட்டர் வந்த பிறகு கிணற்றடியில் வேலையில்லாமல் கிடக்கும் ஒரு சாமான். குசினியில் யாரும் தொடக்கூடாது என்று அம்மா சொல்லுகிற ஒன்று. கிடுகு வேலி போய் மதில் வந்த பிறகு பக்கத்து வீட்டாரோடு எப்படிக் கதைக்கிறீர்கள் என்பது. மூடியிருக்கும் ஒரு கடையின் பெயர்ப்பலகை. கடைசியாக நீங்கள் கைப்பட எழுதிய கடிதம். ஒரு செத்தவீட்டில் தேத்தண்ணி கொடுத்துத் திரிந்தவரின் கைகள்.

பருவமும் தானே தலைப்புத் தரும். சித்திரை வைகாசியில் நுங்கு, ஆடி ஆவணியில் பனம்பழம், தை மாசியில் பனங்கிழங்கு. ஆடியில் சோளகம் அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் மாரி, மார்கழி தையில் வாடையோடு பட்டம் ஏறும். விண் கட்டிய பட்டத்தை இரவில் இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டால் ஊர் முழுக்க அதன் கூவல் கேட்கும். அதைக் கேட்டபடி படுத்திருப்பவர் யார், அவர் என்ன நினைக்கிறார் என்று எழுதுங்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கிற பட்டத் திருவிழாவுக்குப் போனால், வானத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் நூல் பிடித்திருப்பவரின் விரலைப் பாருங்கள்.

தொடர்ச்சி வராமல் தடுமாறுகிறவர்களுக்கு நல்லூர்த் திருவிழாவை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை 25 நாள். பத்தாம் நாள் மஞ்சம், இருபத்துநாலாம் நாள் தேர். சாமியையும் சனத்தையும் பற்றி எழுத ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஒரே ஒரு சின்ன விசயத்தைத் தெரிந்தெடுத்து 25 நாளும் அதையே கவனியுங்கள். செருப்பு விடும் இடம், கச்சான் கடை விளக்கு, வீதி மணலில் அங்கப்பிரதட்டணம் செய்தவரின் தடம், எதுவானாலும் சரி. முதல் ஐந்து நாளில் பார்க்கிறதுக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றும். அதற்குப் பிறகுதான் கண் திறக்கும்.

இன்னொரு வழி அந்தாதி. நேற்றைய குறிப்பின் கடைசிச் சொல் இன்றைய குறிப்பின் முதற்சொல். "... வாளி" என்று முடிந்தால் இன்று "வாளி" என்று தொடங்க வேண்டும். எதை எழுதுவது என்ற கேள்வியே எழாது, நேற்றைய நாள் இன்றைக்கான அடியைத் தந்துவிட்டது. சோம்பல் பிடிக்கிற கிழமைகளில் இதைக் கையிலெடுங்கள்.

காதைத் தீட்டுங்கள்

பார்த்ததை எழுதுகிற அளவுக்குக் கேட்டதை நாம் எழுதுவதில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பத்து நிமிடம் நின்றால் போதும். "உது நேற்றையான் கீரை, உங்களுக்கு உது வேண்டாம் அக்கா" என்று ஒரு வியாபாரி தன் சரக்கைத் தானே தள்ளி வைக்கிறார். அந்த ஒரு வசனத்தில் ஒரு முழு மனிதர் இருக்கிறார். பஸ்ஸில் நின்று வருகிற பள்ளிப்பிள்ளையைப் பார்த்து இருக்கையில் இருக்கிற அம்மா சொல்கிறார்: "பிள்ளை, உந்தப் பையை இஞ்சை தா, மடியிலை வைக்கிறன்." முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் புத்தகப்பாரம் அவர் மடியில் எத்தனை தரிப்பிடம் வரை இருக்கிறது, அதன் மேல் அவர் கை எப்படிக் கிடக்கிறது, பிள்ளை இறங்கும்போது என்ன சொல்லி வாங்குகிறது. எழுத வேண்டியது எல்லாம் அங்கேயே இருக்கிறது.

கேட்ட வசனத்தை அன்றைக்கே, கேட்ட மாதிரியே எழுதி வையுங்கள். மறுநாள் எழுதினால் அது எழுத்துத் தமிழாக மாறியிருக்கும். கவிதையில் பேச்சை அப்படியே வைப்பதா மாற்றுவதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கவிதை திருந்துவதைப் பார்ப்போம்

தலைப்பு: பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு வீடு இல்லாத ஒழுங்கை குறைவு. புதிதாக எழுதுகிறவர் முதலில் எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்:

கடல் கடந்து போனவர்களே
உங்கள் வீடு கண்ணீர் வடிக்கிறது
தனிமையின் இருளில்
மௌனமாய்க் காத்திருக்கிறது

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த ஊரிலும் எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். வீடு கண்ணீர் வடிப்பதை எழுதியவரும் பார்க்கவில்லை. இப்போது கேள்வி கேளுங்கள். எந்த வீடு? சாவி யாரிடம்? யார் உள்ளே போகிறார், எந்த நாளில்? அங்கே என்ன விழுகிறது, அதை யார் எடுக்கிறார்? இந்தக் கேள்விகளோடு ஒரு பின்னேரம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் கிடைக்கிற குறிப்பு: "வெள்ளி, எற்பாடு. மாமி சாவியோட போறா. முற்றம் கூட்டினா. தேங்காய் பொறுக்கி விறாந்தையில அடுக்கினா. பதினொன்று. போனில கேப்பினமாம்." அதிலிருந்து இரண்டாவது வடிவம்:

பூட்டிய வீட்டு முற்றத்தை
வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமி கூட்டுகிறா.
விழுந்த தேங்காய்களைப் பொறுக்கி
விறாந்தையில் அடுக்குகிறா. பதினொன்று.
கனடாவிலிருந்து போன் வந்தால்
சொல்ல வேண்டும்.
கேட்கத்தான் அங்கு யாருக்கும் நேரமில்லை.

இது வீடு. ஆனால் கடைசி வரி வாசகரின் கையைப் பிடித்து இழுக்கிறது. போதாததற்கு அது குற்றமும் சாட்டுகிறது. கனடாவில் இருப்பவருக்கு நேரமில்லை என்பது எழுதியவரின் ஊகம்தானே. அந்த வரியை வெட்டுங்கள். பிறகு "பதினொன்று" என்ற சொல்லை அது நின்ற இடத்திலிருந்து எடுத்துக் கடைசியில் வையுங்கள்.

பூட்டிய வீட்டு முற்றத்தை
வெள்ளிக்கிழமை பின்னேரம்
மாமி கூட்டுகிறா.
விழுந்த தேங்காய்களைப் பொறுக்கி
விறாந்தையில் அடுக்குகிறா.
கனடாவிலிருந்து போன் வந்தால்
சொல்ல வேண்டும்:
பதினொன்று.

தனிமை என்ற சொல் இல்லை, பிரிவு என்ற சொல்லும் இல்லை. ஆனால் காத்திருத்தல் இருக்கிறது. வெள்ளி, விழுந்த, விறாந்தை என்று மோனை தேடாமலே வந்து அமைந்திருக்கிறது. அப்படித் தானாக வருகிற ஓசையை வைத்துக்கொள்ளுங்கள். ஓசைக்காகப் பொருந்தாத சொல்லை இழுத்து வராதீர்கள்.

திருத்தும்போது பெரும்பாலும் நடப்பது இந்த மூன்றும்தான்: விளக்கம் சொல்லும் வரி போகும், ஒரு சொல் இடம் மாறும், ஒரு நீண்ட வரி இரண்டாக உடையும். வரியை எங்கே உடைப்பது என்று தெரியாவிட்டால் சத்தமாக வாசியுங்கள். மூச்சு நிற்கிற இடமும், அடுத்து என்ன என்று மனம் கேட்கிற இடமும் உடைக்க ஏற்றவை. எழுதிய அன்றைக்கே திருத்த வேண்டாம். ஒரு கிழமை கொப்பியை மூடி வைத்துவிட்டுப் பார்த்தால், எந்த வரி மற்றவருடையது என்று உங்களுக்கே தெரியும்.

போரையும் இடம்பெயர்வையும் எழுதும்போது

இங்கே எழுத உட்காருகிற எவருக்கும் இது ஒரு நாள் வரும். தானாக வரட்டும். யாழ்ப்பாணத்துக் கவிஞர் என்றால் போரைத்தான் எழுத வேண்டும் என்று எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, எழுதக்கூடாது என்று தடுக்கவும் முடியாது.

இளையவர்கள் தாம் நேரில் பார்க்காததை எழுத விரும்பினால் முதலில் வீட்டிலுள்ள பெரியவரிடம் கேளுங்கள். "போர் எப்படி இருந்தது" என்று கேட்டால் அவர் பேசமாட்டார், பேசினாலும் செய்தித்தாள் மாதிரிப் பேசுவார். பொருளைக் கேளுங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் ஒட்டுமொத்தமாகத் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டது. மழை, நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாத நெரிசல். அன்று அந்த வழியில் நடந்தவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். "அம்மம்மா, வெளிக்கிடேக்கை என்னத்தை எடுத்துக்கொண்டு போனனீங்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒருவர் காணி உறுதி என்பார், ஒருவர் தையல் மெசின் என்பார், ஒருவர் எடுக்காமல் விட்டு வந்ததைச் சொல்லத் தொடங்குவார். அந்தப் பொருளை எழுதினால் போதும். குண்டும் குருதியும் என்று நீங்கள் அடுக்கத் தேவையில்லை.

கேட்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வேண்டாம் என்று தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போட எழும்புங்கள். கவிதையைவிட அந்த மனிதர் பெரிது. எழுதி முடித்ததும் வெளியே காட்ட முதல் அவருக்கே வாசித்துக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். பெயர், ஊர், அடையாளம் தெரிகிற விவரங்களை மாற்றுங்கள். உங்கள் சொந்த நினைவு எழுதும்போது நெஞ்சை அடைத்தால் கொப்பியை மூடுவதில் வெட்கம் இல்லை. அந்தக் கிழமை முருங்கை மரத்தை எழுதுங்கள், அதுவும் முழுக் கவிதைதான்.

வடிவம் பற்றிக் கொஞ்சம்

புதுக்கவிதையா மரபா என்ற சண்டையில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். முதல் ஆறு மாதம் கட்டற்ற வரிகளில் எழுதுங்கள். பிறகு ஒரு அளவுக்குள் எழுதிப் பாருங்கள், சொல்லைச் சுருக்கும் கை அப்போதுதான் வரும். குறள் வெண்பா இரண்டு அடி, ஏழு சீர். தளை, அதாவது சீரோடு சீர் சேரும் விதி, சரியாக வராவிட்டாலும் ஏழே சீரில் உங்கள் குறிப்பைச் சொல்ல முயன்றால் எந்தச் சொல் வெட்டி என்று புரிந்துவிடும். அளவெட்டிக்காரரான மஹாகவி உருத்திரமூர்த்தி (1927–1971) ஐந்தடி கொண்ட லிமரிக் வடிவத்தைக் குறும்பா என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதே கவிஞர் நம்முடைய பேச்சோசையை யாப்புக்குள் உட்கார வைத்தவர் என்பதையும் கவனியுங்கள். நீளம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: குறுந்தொகைப் பாட்டுகள் நாலடியிலிருந்து எட்டடி வரைதான். அதற்குள் ஒரு நிலம், ஒரு பொழுது, ஒரு மரம், ஒரு மனம் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

வாசிப்பு இல்லாமல் இது ஓடாது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒரு சனிக்கிழமை காலையைக் கழியுங்கள். அது இயலாதவர்களுக்கு நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. ஈழத்துக் கவிதைத் தொகுப்புகளையும் பழைய இதழ்களையும் போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். பிடித்த கவிதை ஒன்றைக் கையால் பார்த்தெழுதுங்கள். கண் தாண்டிப் போகிற இடங்களில் கை நிற்கும்.

யாருக்குக் காட்டுவது, எங்கே அனுப்புவது

ஒருவர் போதும், இருவர் இருந்தால் நல்லது. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்கிறவரை விட்டுவிடுங்கள். கவிதையைக் கொடுத்துக் கருத்துக் கேட்காமல், "உங்களுக்கு எது கண்ணில தெரிஞ்சது?" என்று கேளுங்கள். மாமியும் தேங்காயும் தெரிந்தால் கவிதை நிற்கிறது. "சோகம் தெரிஞ்சது" என்று மட்டும் சொன்னால் பொருள் போதவில்லை. சேர்ந்து பழக ஆள் கிடைத்தால் கிழமைக்கு ஒருவர் ஈற்றடி கொடுங்கள், ஞாயிறு பின்னேரம் ஒரு திண்ணையில் இருந்து ஆளாளுக்குச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கும் முன்பு விளக்கவுரை சொல்லக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

முகநூலில் உடனே போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. விருப்பக்குறிகள் வரத் தொடங்கியதும் எது வந்ததோ அதையே திரும்ப எழுதும் பழக்கம் பிடித்துக்கொள்ளும். ஒரு வருடம் எழுதிய பிறகு கொப்பிகளை முன்னால் வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஐம்பது கவிதை இருந்தால் ஐந்து தேறினாலும் அது நல்ல வருடம். அல்வாயிலிருந்து வரும் ஜீவநதி போன்ற சிற்றிதழ்களும் நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளும் புதியவர்களின் கவிதைகளை எடுத்துப் பார்க்கின்றன. அனுப்ப முதல் அந்த இதழின் இரண்டு மூன்று பிரதிகளையாவது வாசியுங்கள். ஒரு தடவைக்கு மூன்று கவிதைக்கு மேல் வேண்டாம், எழுத்துப்பிழை பார்த்து, ஒரு பிரதி கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். ஒரே கவிதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். எதை எங்கே எந்தத் திகதியில் அனுப்பினீர்கள் என்பதைக் கொப்பியின் பின்னட்டையில் குறித்து வையுங்கள்.